ஓரகத்தி வீட்டு ஓவன்

ஒரு அடுப்பைப் பார்த்து வயிறு எரிந்தவள் நான். நகையைப் பார்த்தோ பட்டுப் புடவையைப் பார்த்தோ எரிந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு வாய்த்தது ஓவன். அலமாரிக்குள் பதித்து, கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே காற்றாடி சுற்றுகிற மின்சார ஓவன். தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் எங்கள் உறவுக்காரர்கள் யாரும் அப்படி ஒன்றைக் கண்ணால் கண்டதில்லை. அது என் கணவருடைய தம்பி வீட்டுக்கு வந்தது. அதாவது, என் ஓரகத்தி வீட்டுக்கு. அவள் என்னைவிட எட்டு வயது சின்னவள்.

அது என்னை ஏன் அப்படிக் குத்தியது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் கேக் என்றால் நான்தான். நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயலில். எங்கள் வீட்டு வரிசையில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று இருந்தது. டிசம்பர் வந்தால் அந்த வீட்டு ஆன்ட்டிக்கு முட்டை அடித்துக் கொடுத்துக் கொடுத்தே நான் கேக் கற்றுக்கொண்டேன். கல்யாணமாகி மைசூர் வந்தபோது என் சீர் சாமான்களில் வட்ட அலுமினிய ஓவன் ஒன்றும் இருந்தது. மூடியின் நடுவில் சின்னக் கண்ணாடி. சூட்டைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. பிளக்கைச் செருகினால் சுடும், பிடுங்கினால் ஆறும். விட்டால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் மாவாக நிற்கும். வாசனையை வைத்தே எப்போது பிடுங்குவது, எப்போது தட்டைத் திருப்புவது என்று எனக்குத் தெரியும். பத்து வருஷம் புகுந்த வீட்டில் யாருக்குப் பிறந்த நாள் வந்தாலும் மண்டி மொஹல்லாவில் எங்கள் மாடிக் குடித்தனத்திலிருந்துதான் கேக் போனது.

என் மாமியார் கொள்ளேகால் பக்கம். எங்களோடுதான் இருந்தார். வாயைத் திறந்து யாரையும் பாராட்டிவிட மாட்டார். என் குழம்பை ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. ஆனால் கேக் விஷயத்தில் மட்டும், "கேக்குன்னா பெரியவ கைதானுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நான் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

கொழுந்தன் கட்டட வேலைக்கு மேஸ்திரியாகத் தொடங்கி, சின்னதாகக் காண்டிராக்ட் எடுக்கிற அளவுக்கு வந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவருக்கு வீடு கட்டிக் கொடுத்தபோது, அவர் கப்பலில் கொண்டுவந்த ஓவன் சமையலறை அளவுக்கு ஒத்துவரவில்லை என்று கொழுந்தனுக்கே கொடுத்துவிட்டார். இவர் அதை விஜயநகரில் கட்டிய தன் புது வீட்டில், அலமாரிக்குள் பதித்தார். தனி லைன், சுவரில் தனியாக ஒரு பெரிய சுவிட்ச். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் பூஜை அறையைப் பார்த்துவிட்டு நேராக அந்த ஓவனிடம்தான் போனார்கள். உள்ளே விளக்கு வேறு. ஓரகத்தி அதன் பக்கத்தில் நின்றுகொண்டு, "நனகே தெரியாது, எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்" என்று கன்னடமும் தமிழுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் மைசூரிலேயே பிறந்தவள். தமிழ் வாயில் வந்தாலும் வழியில் கன்னடத்தைக் கூட்டிக்கொண்டுதான் வரும். எனக்குத் தாங்கவில்லை. கேக்கைப் பற்றி ஒன்றும் தெரியாத வீட்டில் அது போய் உட்கார்ந்திருக்கிறதே என்று அன்று முழுக்கப் பாயசம்கூடக் கசந்தது.

ஆனால் அடுத்த வாரமே எனக்கு நல்ல காலம் பிறந்தது. ஓவன் வேலை செய்யவில்லை. குமிழைத் திருப்பினார்கள், சூடு வரவில்லை. எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ போய்விட்டது என்று கையை விரித்துவிட்டான். மாமியாரோடு நான் போனேன். முகப்பில் சிவப்பு எண்களில் பூஜ்ஜியம் பூஜ்ஜியம் என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. கூடவே வந்த புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஓரகத்தி கன்னட மீடியம். கொழுந்தனுக்குப் பொறுமை கிடையாது. நான் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தேன். விஷயம் இவ்வளவுதான்: கரெண்ட் போய் வந்தால் அதன் கடிகாரம் அழிந்துவிடும். மணி என்ன என்று நாம் திரும்பச் சொல்கிறவரை அது சூடேற மறுக்கும். குறிப்பிட்ட இரண்டு பட்டன்களைச் சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டல் பட்டனால் மணியை வைக்க வேண்டும். வைத்தேன். 'டிக்' என்றது. விளக்கு எரிந்து காற்றாடி சுற்றியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமியார், "படிச்சவ படிச்சவதான்" என்றார்.

நான் அந்தப் புத்தகத்தை என் பையில் வைத்துக்கொண்டேன். "முழுசாப் படிச்சுட்டுத் தரேன்" என்றேன். தரவில்லை. அது எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில், என் கல்யாணப் புடவைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அவளும் கேட்கவில்லை.

மைசூரில் அப்போது கரெண்ட் போகாத நாள் கிடையாது. காலையில் ஒரு மணி நேரமாவது கட்டாயம் போகும். போய் வந்தால் ஓவன் கண் சிமிட்டும். அவள் எங்கள் கீழ்வீட்டு ஓனர் போனுக்குக் கூப்பிடுவாள். "அக்கா, மத்தே சிமிட்டுது. கொஞ்சம் வரீங்களா?" மத்தே என்றால் மறுபடியும். நான் வேலை இருக்கிற மாதிரி சலித்துக்கொண்டு, மனசுக்குள் துள்ளிக்கொண்டு பஸ் ஏறுவேன். ஓவனுக்கு முன்னால் போய் முதுகால் மறைத்துக்கொண்டு நின்று அந்த இரண்டு பட்டன்களையும் அமுக்குவேன். பரீட்சையில் பேப்பரை மறைத்து எழுதுகிற பிள்ளையைப் போல.

மற்றதெல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அதில் எனக்கு நஷ்டமில்லையே. சொல்லிக் கொடுக்கிற சாக்கில் நன்றாகத் திட்டவும் முடிந்தது. "ஈரத் துணியால தட்டைப் புடிக்காதே, ஆவி அடிச்சுக் கை வெந்துரும். காஞ்ச துணியா மடிச்சுப் புடி." "கதவைத் தொறக்கறப்ப எதுக்க நிக்காதே, தள்ளி நின்னு கொஞ்சமாத் தொற, மொதல்ல சூடு வெளிய போகட்டும்." "காத்தாடி ஓவன், அதனால கேக் புஸ்தகத்துல சொன்ன சூட்டுல இருபது டிகிரி கம்மி வெக்கணும்." "அணைச்ச பிறகும் உள்ள காத்தாடி ஓடும். அது தானா நிக்கற வரைக்கும் சுவர் சுவிட்சைத் தொடாதே." "உள்ள புகை வந்தா கதவைத் தொறக்கவே கூடாது. சுவிட்சை அணைச்சிட்டு மூடியே வை." எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டுவாள். கெட்டிக்காரி. இரண்டு மாதத்தில் அவளுடைய கேக் நான்கு பக்கமும் ஒரே நிறத்தில், ஒரே உயரத்தில் எழும்பி வந்தது. என் வட்ட ஓவனில் பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி வந்ததில்லை.

பிறகு நடந்ததுதான் என்னைக் கொளுத்தியது. என் சொந்தப் பையனுடைய பிறந்த நாள். மாவு சலிக்க உட்கார்ந்தேன். மாமியார் சாவகாசமாக வந்து, "இந்த வாட்டி சின்னவகிட்டச் சொல்லிப்போட்டேன் அம்மிணி. அவ கேக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணாட்ட வேகுது. நீ ஏன் கெடந்து சிரமப்படறே?" என்றார். என் மகன் கைதட்டினான். நான் சலித்த மாவைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன். அன்று அவள் கொண்டுவந்த கேக்கில் ஒரு துண்டு எனக்கும் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது. அது நன்றாக இருந்ததை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எனக்கென்று அந்த வீட்டில் மிச்சமிருந்தது அந்த இரண்டு பட்டன்கள்தான்.

தசரா வந்தது. ஓரகத்தி தன் வீட்டில் பொம்மை வைத்தாள். மாமியார் பத்து நாளும் அங்கேயே போய்த் தங்கிவிட்டார். நவமிக்கு நிறையப் பெண்களை வெற்றிலை பாக்குக்கு அழைத்திருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம், பிளாஸ்டிக் தாம்பூலப் பைகளில் போட வேண்டியவற்றைப் பிரித்து வைக்க நானும் போனேன். ரவிக்கைத் துணி, பிளாஸ்டிக் சீப்பு, சின்னக் கண்ணாடி, குங்குமச் சிமிழ். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஓவனைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நான் விடுவேனா? "இதுக்கு நேரம் சொல்லி வெச்சா, யாருமே தொடாம நாளைக்குத் தானா ஆன் ஆகும், தானா அணையும்" என்றேன். அவர்கள் வாயைப் பிளந்தார்கள். குமிழைக் காற்றாடியில் வைத்து, சூட்டை நூற்று எண்பதில் நிறுத்தினேன். நாற்பது நிமிஷம், முடிகிற நேரம் மறுநாள் சாயங்காலம் நாலு நாற்பது என்று பட்டன்களை அமுக்கினேன். முகப்பில் 'ஏ' என்று ஓர் எழுத்து எரிந்தது. அது ஆட்டோமேட்டிக்கின் 'ஏ' என்று விளக்கினேன். காட்டிவிட்டு அழித்துவிடுவதாகத்தான் இருந்தேன்.

அந்த நேரம் பார்த்து மாமியார் உள்ளே வந்தார். "போதும், கையை எடு. நாளைக்கு ஆயுத பூஜை. ஓவனுக்கும் பொட்டு வெச்சு மாலை போடணும். சின்னவளே தொடச்சுப் பூஜை பண்ணட்டும், அவ சாமான்." பக்கத்து வீட்டுப் பெண்களுக்கு முன்னால். எனக்கு முகம் செத்துவிட்டது. புடவைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் பாதி வழியில் ஞாபகம் வந்தது, அழிக்கவில்லை என்று. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். காலையில் எப்படியும் கரெண்ட் போகும், போனால் எல்லாம் தானாக அழிந்துவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னொன்றும் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். அழியாவிட்டால்தான் என்ன, உள்ளே ஒன்றுமில்லை. நாலு மணிக்கு அது தானாக ஓடட்டும். அத்தனை பெண்களுக்கு முன்னால் அவள் என்ன செய்வதென்று தெரியாமல் விழிக்கட்டும். 'அக்கா, வாங்களேன்' என்று கூப்பிடட்டும்.

தசராவில் ஊரெல்லாம் விளக்குப் போட்டிருப்பார்கள், அந்தப் பத்து நாளும் கரெண்டை நிறுத்த மாட்டார்கள் என்பது மைசூரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கு அன்று தோன்றவில்லை.

மறுநாள் மூன்றரைக்குப் போனேன். கூடம் நிறையப் பெண்கள், சுண்டல் வாசனை, யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் எட்டிப் பார்த்தேன். மிக்ஸி, கிரைண்டர், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். ஓவன்தான் அன்றைக்கு ராஜா. கைப்பிடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அடர்த்தியான சாமந்தி மாலை. கண்ணாடியே தெரியவில்லை. மேலே மணி சரியாக ஓடிக்கொண்டிருந்தது. 'ஏ' எரிந்துகொண்டிருந்தது.

ஒரு பட்டன், ஒரே ஒரு அமுக்கு. அழிந்திருக்கும். பூஜை வைத்த சாமானை அன்று தொடக்கூடாது என்று மாமியார் வைத்திருக்கிற சட்டம் நினைவுக்கு வந்தது. அதை நான் ஒரு நாளும் பெரிதாக மதித்ததில்லை. அன்று மட்டும் மதித்தேன். கூடத்தில் போய் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டேன். என் கண் சுவர்க் கடிகாரத்தின் மேலேயே இருந்தது.

நாலு அடித்தது. பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர், "என்னமோ ரப்பர் கருகற வாசனை" என்றார். ஓரகத்தி எழுந்து ஓடினாள். நானும் ஓடினேன். சமையலறை முழுக்கக் கறுப்புப் புகை, ஓவன் கதவின் ஓரங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. "தொறக்காதே!" என்று கத்தினேன். அதற்குள் அவள் திறந்துவிட்டாள். உள்ளே தாம்பூலப் பைகள். நாற்பது ஐம்பது பைகள், மூன்று தட்டிலும் அடைத்து வைத்தவை, உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வழிந்தன. அவள் வெறும் கையால் ஒரு கொத்தை இழுத்தாள். உருகிய பிளாஸ்டிக் அவள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை அப்பிக்கொண்டது.

நான் சுவர் சுவிட்சை அணைத்தேன். கதவைக் காலால் தள்ளி மூடினேன். அவள் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டேன். மாமியார் மஞ்சளை அள்ளிக்கொண்டு வந்தார். "ஒண்ணும் தடவாதீங்க அத்தே, தண்ணி மட்டும்" என்று அவரைத் தள்ளினேன். அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் தோளில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள்.

வெல்லமும் தேங்காயும் போட்ட பைகள். எறும்பு வரும் என்று காலையில் பூஜை முடிந்த கையோடு மாமியார்தான் உள்ளே அடுக்கி, மேலே மாலையைப் போட்டிருக்கிறார். "இன்னைக்கு அதுக்கு ஓய்வு நாளுன்னுதானே உள்ள வெச்சேன்! இவதான் தொடைக்கறேன்னு என்னத்தையோ அமுக்கிப்போட்டா" என்று எல்லார் எதிரிலும் சத்தம் போட்டார்.

"ஆமா அத்தே, நானேதான் காலைல அமுக்கிட்டேன்" என்றாள் ஓரகத்தி.

நான் வாயைத் திறக்கவில்லை. தெரியாமல் சொல்கிறாள் என்று நினைத்தேன். டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனேன். கட்டுப் போடுகிறபோது மறுகையைப் பிடித்துக்கொண்டேன். செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்தேன், அந்த ஒன்றைத் தவிர.

பத்து நாள் கழித்து, மாமியார் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையோடு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, "அது நான் வெச்ச நேரம்" என்றேன்.

"கொத்து அக்கா" என்றாள், தெரியும் என்று. தலையைத் தூக்கவில்லை. "காலைல தொடைக்கறப்பவே 'ஏ' எரிஞ்சுட்டு இருந்துது."

"அப்ப அழிக்க வேண்டியதுதானே? தெரியாதா?"

"தெரியும். முன்னாடியே ஒரு நாள் சும்னே ரெண்டு ரெண்டு பட்டனா அமுக்கிப் பாத்துக் கத்துக்கிட்டேன். மணி வெக்கவும் தெரியும், அழிக்கவும் தெரியும்." ஒரு காயை உரித்துத் தட்டில் போட்டாள். "நீங்க வெச்சது. ஏதோ காரணமாத்தான் வெச்சிருப்பீங்க, வந்து பாத்துப்பீங்கன்னு விட்டுட்டேன். அத்தே பையை உள்ள வெச்சது எனக்குத் தெரியாது."

மணி வைக்கத் தெரிந்தவள் என்னை ஏன் ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டாள் என்று கேட்டேன். அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "கூப்பிடலேன்னா நீங்க இந்த வீட்டுக்கு வரவே மாட்டீங்களே அக்கா" என்றாள். பிறகு, "அத்தேகிட்ட மட்டும் நீங்களே சொல்லிடுங்க. எப்பவும் நானே கை தவறினவளா இருக்க முடியாதில்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லுகிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "கை ஆறுதா?" என்று கேட்டார். நான் எதிரில் உட்கார்ந்தேன். "அத்தே, அன்னைக்கு..." என்று தொடங்கினேன். மாமியார் அதற்குள், "உன்னையாட்ட நிதானம் அவளுக்கு வராது அம்மிணி. பையன் பொறந்த நாளுக்கு இனி நீயே கேக்குப் பண்ணு" என்றார்.

எத்தனை நாள் ஏங்கிய வார்த்தை. "ஆறிட்டு வருதுங்க அத்தே" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த பிறந்த நாளுக்கு என் வட்ட ஓவனில் கேக் செய்தேன். ஒரு பக்கம் லேசாகக் கருகியிருந்தது. எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஓரகத்தியும் வந்திருந்தாள். மாமியார் வந்தவர்களிடம் அவள் கைத் தழும்பைக் காட்டி, அவசரக்காரி, பட்டனை அமுக்கிவிட்டாள் என்று கதை சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். நான் கேக்கைத் துண்டு போடுவதில் மும்முரமாக இருந்தேன். அவள் பார்வையை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மைசூரில் கரெண்ட் எத்தனையோ தடவை போய் வந்தது. கீழ்வீட்டில் போன் அடிக்கிறபோதெல்லாம் நான் மாடிப்படிவரை போய் நிற்பேன். எனக்கு அழைப்பு வந்ததே இல்லை.